தறி முடிச்சும் திருச்செந்தூர் அலையும்

சங்கரன்கோவில்

அன்பு மைத்துனர் சுந்தரராஜுக்கு, அத்தான் ஆவுடையப்பன் எழுதுவது. இங்கே தறிகள் நலம், நான் நலமில்லை. அங்கே கடையநல்லூரில் எல்லாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். உன் அக்கா கோமதித்தாய் ஒரு வாரமாக உங்களுக்குத்தானே சமைத்துப் போடுகிறாள். போன் செய்தால், "அக்கா பேச மாட்டாளாம் அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

திருச்செந்தூர் கடலில் நடந்ததை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உண்மையைக் கேள். மைக்கில் போலீஸ்காரர், "முழங்காலுக்கு மேல போகாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் என்ன காது கேளாதவனா? பாதுகாப்புக்காகத்தானே நம் தறியில் ஓடிய புதுச்சேலையின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினேன்! அதுவும் நூல் அறுந்தால் போடுகிற தறி முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அப்புறம் கொஞ்சம் முன்னால் போனேன். கொஞ்சம்தான். காலடி மணல் கரைந்து பள்ளத்தில் விழுந்தேன், அலை உள்ளே இழுத்தது, முழங்கால் தண்ணீரில் நின்று "திரும்பி வாங்க, திரும்பி வாங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தவளும் கூடவே வந்துட்டா. நானா கையப் பிடிச்சு இழுத்தேன்? சேலதான இழுத்துச்சு! நனைஞ்ச முடிச்சு அவுருமா? ஒரு படகுக்காரர் கத்தியோட நீந்தி வந்து சேலைய அறுத்து ரெண்டு பேரையும் கரையேத்திட்டு, "ஏம்வே, ஒருத்தி கரையில நின்னாத்தான ஒம்மக் காப்பாத்த ஆளக் கூப்பிடுவா? அவளையும் சேத்துக் கட்டியிருக்கீரே, கூறு இருக்கா?"ன்னு அத்தன கூட்டத்துல கேட்டுட்டாரு.

உன் அக்கா உப்புத் தண்ணியத் துப்பிட்டு, "சாகணும்னா நீங்க மட்டும் சாகவேண்டியதுதான, என்ன எதுக்கு இழுத்தீக?"ன்னா. ஈரச்சேலையோட தென்காசி பஸ்ஸுல ஏறிட்டா.

என் மேல் ஒரு தப்பும் இல்லை. இனி கடல் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டேன். அவளாகத் திரும்பி வந்தால் மன்னிக்கிறேன் என்று சொல். நானாக வந்து கூப்பிடமாட்டேன், எனக்கும் ரோசம் உண்டு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களைக் குளத்துப் பக்கம்கூட விடாதே.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பி.கு.: மாப்பிள, மேல எழுதுனது எதையும் அவகிட்ட வாசிக்காத. தண்ணிக்குள்ள அவ தலமுடி மட்டும் தெரிஞ்சிது, முகம் தெரியல. அந்த முடிச்சப் பல்லால கடிச்சேன், அவுரல. அதுலேர்ந்து என்னால கண்ண மூட முடியல. வர்ற ஞாயித்துக்கிழம மொத பஸ்ஸுல வாரேன். வாசல்லயே நிக்கேன். அவ கூப்பிட்டா மட்டும் உள்ள வாரேன்.