உப்புத்தாள் பேட்டும் மேலூர் கிரகப்பிரவேசமும்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஹேடோ பஜாருக்குப் போய் உப்புத்தாள் வாங்கிட்டு வரணும்.

மரத்தைத் தேய்க்க இல்ல. டேபிள் டென்னிஸ் ஆட.

முழுசாக் கேட்டுட்டு சிரிங்க.

எங்க டிபார்ட்மென்ட்டுக்கு வருஷா வருஷம் மெயின்லேண்ட்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். டேபிள் டென்னிஸுக்கு போர்ட் பிளேர்லேர்ந்து ஒரே ஒரு ஆளை அனுப்புவாங்க. யாரு எங்க கிளப்ல ஜெயிக்கிறாங்களோ அவங்க. போக வர செலவு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் ஆபீஸ் பாத்துக்கும். இந்த வருஷம் போட்டி மதுரைல. அதே வாரம் பக்கத்துல மேலூர்ல என் கொழுந்தியா வீட்டு கிரகப்பிரவேசம்.

அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். கொழுந்தியா கல்யாணத்துக்கு நான் போகல, கப்பல் டிக்கெட் கிடைக்கல. அவ புள்ளைக்குக் காது குத்துனப்பவும் போகல, புயல்னு கப்பலையே நிறுத்திட்டாங்க. ரெண்டுமே சத்தியமான உண்மை. மேலூர்ல ஒருத்தரும் நம்பல.

இந்தத் தடவை பசங்களுக்குப் பரீட்சை, அதனால என் மனைவி மீனா கிளம்ப முடியாது. எனக்கு லீவு தீர்ந்து போச்சு. ஆபீஸே அனுப்பி வச்சாத்தான் உண்டு.

"இதுக்கும் நீங்க போகலன்னா, எங்கப்பாகிட்ட இனிமே உங்க பேரையே நான் எடுக்க முடியாது"ன்னா மீனா.

"நான் ஜெயிக்காம வேற எவன் ஜெயிப்பான்?"னு கேட்டேன். பாவம், நம்பிட்டா. அன்னைக்கே ஊருக்கு போன் போட்டு, "அவரு வர்றாருப்பா"ன்னு சொல்லியும் முடிச்சுட்டா.

நான் சும்மா பீத்திக்கல. ரொம்ப வருஷமா எங்க கிளப்ல நான்தான் சாம்பியன். ஆட்டம் பெருசா ஒண்ணும் வராது. ஆனா ஒரு சர்வீஸ் வச்சிருக்கேன். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினா பந்து அந்தப் பக்கம் விழுந்து, யோசிச்சு, வெளிய திரும்பிப் போயிரும். அந்த ஒரு சர்வீஸை வச்சுத்தான் இத்தனை வருஷமா வண்டி ஓடுச்சு.

அந்த நேரம் பாத்து சென்னைலேர்ந்து ஜூனியர் இன்ஜினியர் கார்த்திக் மாத்தலாகி வந்தான்.

ஜிப் வச்ச பைலேர்ந்து பேட் எடுத்தான். பைக்குள்ள இன்னொரு குட்டிப் பை. அதுல பேட்டைத் துடைக்க ஒரு தண்ணி பாட்டில். நான் மூஞ்சி கழுவுறதை விட அவன் பேட் நல்லாக் கழுவிருக்கும். வெளிநாட்டு ரப்பராம். முதல் நாளே என்னைத் தோக்கடிச்சுட்டு, "சார், நீங்க நல்லா ஆடுறீங்க"ன்னு தட்டிக் குடுத்தான். வயித்தெரிச்சல்.

வீட்டுக்கு வந்து போனை நோண்டிக்கிட்டிருந்தப்பதான் ஒரு வீடியோ கண்ணுல பட்டுச்சு. எங்கயோ வெளிநாட்டுல ரப்பரே இல்லாம, எல்லாரும் உப்புத்தாள் ஒட்டின பேட்ல போட்டி போடுறாங்க. எல்லார் கையிலயும் ஒரே மாதிரி பேட். விலை ஒசந்த ரப்பருக்கு அங்க வேலையே இல்ல.

மறுநாளே சூப்பரின்டெண்ட் சார் ரூமுக்குப் போய் ஒரு சொற்பொழிவு ஆத்துனேன். ஏழை பணக்காரன் வித்தியாசம் விளையாட்டுல கூடாதுன்னேன். உண்மையான திறமைதான் வெளிய வரணும்னேன். பேசப் பேச எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

"பஹுத் அச்சா, சேகர்ஜி. சப் கே லியே ஏக் ஜைசா"ன்னாரு சார். எல்லாருக்கும் ஒண்ணு போல. அந்த வார்த்தையை நோட்டீஸ் போர்டுலயும் எழுதிட்டாரு. பேட் தயார் பண்ற பொறுப்பு யாருக்கு? உண்மையான திறமையைப் பத்திப் பேசுனவனுக்கு.

அதான் சனிக்கிழமை ஹேடோ.

ஹார்டுவேர் கடை பாய் மத்தியானம் கடையைப் பாதி சாத்திட்டு சாப்பிடக் கிளம்பிட்டிருந்தாரு.

"என்ன நம்பர் வேணும் தம்பி?"

உப்புத்தாளுக்கு நம்பர் இருக்குன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். தெரியலன்னு சொல்ல வாய் வருமா? "நல்லா கரகரன்னு இருக்கிறதா குடுங்க பாய்"ன்னேன். கரகரன்னு இருந்தாத்தானே பந்தைப் பிடிக்கும், என் சர்வீஸும் பிழைக்கும்? எவ்வளவு புத்தி பாருங்க.

"கப்பல்ல துரு சுரண்டுறது இருக்கு. அது போதுமா?"

"அதான் வேணும் பாய்."

எதுக்குன்னு கேட்டாரு. சொன்னேன். சாப்பிடப் போனவரு திரும்பி வந்து உக்காந்துட்டாரு. "இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி"ன்னாரு.

டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு பலகைல தாளைச் சுத்தி, பந்தைச் சுவத்துல தட்டிப் பாத்தேன். பத்துத் தட்டு கூட இருக்காது, வாசல்ல கோலப்பொடி கொட்டின மாதிரி ஆயிருச்சு. பந்தை எடுத்துப் பாத்தா, திருப்பதில மொட்டை போட்டு ஒரு வாரம் ஆன தலை மாதிரி முளைச்சுக் கிடக்கு. கிளப்ல இருக்கிறதே கொஞ்சம் பந்து. அடுத்தது கப்பல்லதான் வரணும்.

திரும்ப ஹேடோ. பாய் சாப்பிட்டு முடிச்சிருந்தாரு.

"மெல்லிசா ஏதாவது இருக்கா பாய்?"

"சுவத்துக்குப் பட்டி பாத்துட்டுக் கடைசியாத் தேய்க்கிறது இருக்கு. குழந்தை கன்னம் மாதிரி இருக்கும்."

அதை வாங்கிட்டு வந்தேன். கிளப் பேட்டுல இருந்த ரப்பரையெல்லாம் உரிச்சேன். சப் கே லியே ஏக் ஜைசா ஆச்சே, என் சொந்த பேட்டையும் உரிச்சேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கார்த்திக் பேட்டை உரிக்கறப்ப அவ்வளவு கஷ்டமா இல்ல.

மழைக்காலத்துல நம்ம ஊர்ல பசை காயுமா? எல்லா பேட்டையும் அரிசி மூட்டைக்கு அடியில வச்சு அழுத்தி, போட்டி அன்னைக்குக் காலைலதான் வெளிய எடுத்தேன். ஒரு தடவை ஆடிப் பாக்கணும்னு தோணவே இல்ல.

போட்டில என் திட்டம் அருமையா வேலை செஞ்சுது. கார்த்திக் சுத்திச் சுத்தி அடிச்சான், பந்து நேரா நேராப் போச்சு. அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற பெங்காலிக்காரர் பிஸ்வாஸ்தாகிட்ட அவன் தோத்தே போனான். நான் ரெண்டு கத்துக்குட்டிங்களை எப்படியோ தாண்டி ஃபைனலுக்கு வந்துட்டேன். உடனே மீனாவுக்கு போன்.

"பெட்டியை இறக்கி வை. எதிர்ல பிஸ்வாஸ்தாதான்."

பிஸ்வாஸ்தா ரிட்டயர் ஆகப் போற மனுஷன். கரண்டி பிடிக்கிற மாதிரி பேட்டைப் பிடிப்பாரு. இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டாரு.

என் பேர் பெற்ற சர்வீஸைப் போட்டேன். சுண்டினேன். பந்து, வாத்தியார் பாத்துட்டிருக்கிற பையன் மாதிரி, ஒழுங்கா நேராப் போச்சு. அவரு திருப்பித் தந்தாரு. இன்னும் பலமாச் சுண்டினேன். இன்னும் ஒழுங்காப் போச்சு. குழந்தை கன்னத்துல பந்து எங்கேர்ந்து சுத்தும்?

டொக். டொக். டொக். டொக்.

ரப்பர் பேட்ல ஒரு பாயின்ட் கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். இதுல முடியவே மாட்டேங்குது. நான் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுறேன், என் தொப்பை ஒரு நொடி கழிச்சு வந்து சேருது. அவரு நின்ன இடத்துலேர்ந்தே பேசிக்கிட்டு ஆடுறாரு.

"சேகர் பாய், ஆஜ் பஜார் மே கோன்சா மச்லி ஆயா?"

மார்க்கெட்ல இன்னைக்கு என்ன மீன் வந்திருக்குன்னு கேக்குறாரு. எனக்கு மூச்சே வரல, மீனுக்கு எங்க போறது?

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கிளப்லயே பழைய பேட்டு ஒண்ணு உண்டு. உப்புக் காத்துல ரப்பர் உரிஞ்சு விழுந்து, வெறும் பலகையாக் கிடக்கும். யாரும் தொட மாட்டாங்கன்னு அதைத்தான் அவருக்கு எப்பவும் குடுப்போம். மனுஷன் இத்தனை வருஷமா சுத்தாத பந்தைத்தான் ஆடிக்கிட்டிருந்திருக்காரு. என் சமத்துவத்தால எல்லாருக்கும் எல்லாமே மாறிப் போச்சு, அவரு ஒருத்தருக்குத்தான் ஒண்ணும் மாறல.

தோத்தேன். நாற்காலில விழுந்தேன். கார்த்திக் தண்ணி கொண்டாந்து குடுத்தான்.

"சார், இந்த உப்புத்தாள் ஐடியா யாரோடது?"

"கமிட்டி முடிவு தம்பி."

மொத்தக் கமிட்டியும் திரும்பி என்னையே பாத்துச்சு.

மீனாகிட்ட சொன்னப்ப அவ கத்தியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். பெட்டியைத் திரும்ப மேல ஏத்தி வச்சா. எனக்கு நிஜமாவே அவமானமாப் போச்சு. அவங்கப்பாவுக்கு அவ போன் பண்ணி முடிக்கிற வரைக்கும் நான் மழைல வெளியதான் நின்னேன்.

ஆனா யாராவது மெயின்லேண்ட் போறாங்கன்னு தெரிஞ்சா பார்சல் குடுக்காம விடுறது இந்தத் தீவுலயே கிடையாது. மீனா தன் தங்கச்சிக்கு எடுத்து வச்சிருந்த புடவை, தேங்காய், குத்துவிளக்கு எல்லாத்தையும் கட்டி, மேலூர் அட்ரஸோட பிஸ்வாஸ்தா கைல குடுத்துட்டா.

மதுரைல எல்லாரும் ரப்பர் பேட். பிஸ்வாஸ்தா முதல் ஆட்டத்துலயே வெளிய. மிச்ச நாளெல்லாம் வேலை இல்ல. பார்சலைக் குடுக்க மேலூர் போனவரை என் மாமனார் விடல. இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இந்தி தெரியாது. ராத்திரி பூரா பேசிட்டிருந்தாங்களாம். பந்தக்கால் நட்டது, வாழை மரம் கட்டுனது, பந்தி விசாரிச்சது எல்லாம் பிஸ்வாஸ்தாதான். மறுநாள் கடுகு அரைச்சு ஊத்தி வீட்டுக்கே மீன் குழம்பு வச்சாராம்.

கொழுந்தியா போட்டோ அனுப்பியிருந்தா. புது வீட்டு நிலைப்படில மாமனார் தோள்ல கை போட்டுக்கிட்டு, மூத்த மாப்பிள்ளைக்குன்னு எடுத்து வச்ச பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு, நெத்தி நிறைய சந்தனத்தோட பிஸ்வாஸ்தா நிக்கிறாரு.

"எங்கப்பா அதைப் பெருசாக்கி ஹால்ல மாட்டிட்டாராம்"னு மீனா சொன்னா.

எங்க கல்யாண போட்டோவுக்குத்தான் இன்னும் ஆணி கிடைக்கலையாம்.