ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை

மௌலா அலி,
14-7-1978

கர்த்தருக்குள் பிரியமான தனசிங் அத்தானுக்கு, தியோடர் எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகம். வழக்கத்துக்கு எழுதும் சுகமல்ல, உண்மையாகவே சுகம், அதனால்தான் அடிக்கோடிட்டிருக்கிறேன். உங்கள் தங்கை பியூலா கொடுத்த தந்தியை நம்பி நீங்கள் ரயிலேற வேண்டாம். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. எங்கள் மகள் சாராவைச் சிலாஸுக்குக் கொடுப்பதாக, அங்கே பாளையங்கோட்டையில் அவன் பெற்றோரிடம் சொல்லிவிட்டதாக நீங்கள் பதில் தந்தியில் தெரிவித்த வார்த்தையையும் உடனே திரும்பப் பெற வேண்டும். வரும் 23-ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்துவிட்டால், சபைக்கு முன்னால் என்னால் பின்வாங்க முடியாது.

நடந்தது இதுதான். இருபத்தாறு வருஷமாக ஆட்களைத் திட்டியே வேலை வாங்கிய ஃபோர்மேன் நான். யூனியன் புகார் கொடுத்ததால் மானேஜர் என்னை மூன்று நாள் 'மனித உறவுகள்' வகுப்புக்கு அனுப்பினார். அங்கே டை கட்டிய ஓர் ஆசிரியர், தினமும் ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் கொடுத்தார். திங்கட்கிழமை ஃபிட்டர் புருஷோத்தமனிடம், "உங்க வேலை ரொம்ப சுத்தம்" என்று சொல்லிப் புன்னகையும் செய்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டார். எங்கள் செக்‌ஷனில் ஒருவரைப் புகழ்வது பிரிவுபசார விழாவில் மட்டும்தான். மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுக்கும்போதுதான் அவர் நல்லவர் என்ற செய்தியே வெளியே வரும். மாற்றல் உத்தரவு வந்துவிட்டதென்று முடிவுகட்டி அவர் மெடிக்கல் லீவில் போய்விட்டார். நான் விடவில்லை. புதன்கிழமைக்குள் பதினோரு பேரைப் புகழ்ந்தேன். வியாழக்கிழமை பதினோரு பேரும் வேலைக்கு வரவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். அதே திங்கட்கிழமை, மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். பியூலா கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "டாக்டர் என்ன சொன்னாவ? எங்கிட்ட மறைக்காதிய" என்றாள். ஒன்றுமில்லை என்றேன், அதையும் சிரித்த முகத்தோடு சொன்னேன், வகுப்பில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. அலமாரியைக் கலைத்து எக்ஸ்ரே தேடினாள், பாஸ்டரிடம் போய் ஜெபிக்கச் சொன்னாள், சபையார் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள், கண் மூடுவதற்குள் மகள் கல்யாணத்தை நான் பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தந்தியும் அடித்துவிட்டாள்.

சனத்நகரில் வேலை பார்க்கும் அந்தச் சிலாஸ் வேண்டாம் என்று போன வருஷம் சொன்னவனே நான்தான். இப்போது விஷயம் அதுவல்ல. சாரா இரண்டு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தான். நான் சாகப் போகிறேன் என்று அவசரப்பட்டுப் பிடிக்காதவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நான் பாட்டுக்குக் கல்லுக்குண்டாக உயிரோடு இருந்தால், அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பயமாக இருக்கிறது. அதனால்தான் எக்ஸ்பிரஸ் தபாலில் எழுதுகிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக. இந்த முறை வீட்டிலேயே வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
பூரண சுகத்துடன் இருக்கும்
தியோடர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சாரா இதை எடுத்துப் படித்துவிட்டாள். "நக்கோ டாடி, வேண்டாம், போஸ்ட் பண்ணாதீங்க. நீங்க செத்துடுவீங்கன்னுதான் அழுதேன். எனக்கு சிலாஸைப் பிடிக்கும்" என்றாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள். அத்தான், அப்போதே கேட்டேன், அவனைத்தான் கட்டுவேன் என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே ரயிலேறுங்கள், ஓலை வாசிக்கட்டும். பியூலாவைக் கூப்பிட்டு, எனக்கு வியாதி இல்லை, சாராவிடம் கேட்டேன், அவள் இஷ்டப்படியே நடக்கட்டும் என்றேன். "பிள்ளைட்ட நீங்க கேட்டியளா?" என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தவள், இப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரிக்‌ஷா கூப்பிடப் போயிருக்கிறாள்.