மூணுகோட்டு முனியப்பன்

சேர்வராயன் துணை

கொட்டச்சேடு,
புரட்டாசி 18

அன்புள்ள தம்பி சேகருக்கு அக்கா அம்மணி எழுதுவது. நானும் உன் மச்சானும் ஆடும் சுகம். நீயும் காவேரியும் அப்படியே இருக்கச் சேர்வராயனிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் எஸ்டேட் களத்தில் பல்கலைக்கழகத்தார் ‘மலைப்பகுதி இயற்கை இடர்கள்’ என்று பேசிய கூட்டத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர் பாக்கியநாதன், அவருடைய மாணவி லூர்துசெல்வி, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வேடியப்பன், கடைக்கார சையத் இப்ராஹிம் அண்ணன், மேட்டு வீட்டு மருதாயி, உன் மச்சான், நான், இன்னும் பதினாறு பேர். ஆக இருபத்து மூன்று. டீயும் பன்னும் வந்தபோது நாற்பத்தொன்று.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கும் பெரிய கல்லைப் பார்க்க வந்தார். “மழையில அடிமண் கரைஞ்சா இந்தக் கல்லு நகரும்” என்றார். அதற்கு உன் மச்சான், “ஏனுங்க, நான் பொறந்ததுல இருந்து இங்கயேதான் நிக்குது. அதுக்குப் போறதுக்கு வேற ஊடா இருக்குது?” என்றார். “போனா உங்க ஊட்டுக்குள்ளதாங்க போகும்” என்றார் பேராசிரியர். பிறகு அசையாத பாறையிலிருந்து இந்தக் கல்வரைக்கும் நேராக மூன்று வெள்ளைக் கோடு பெயிண்டில் இழுக்கச் சொன்னார். கோடு நேராக இருந்தால் கல் நகரவில்லை, ஒடிந்திருந்தால் நகர்ந்துவிட்டது, உடனே வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது.

மற்றவர்களுக்குத்தான் புரியவில்லை. மறுநாளே யாரோ கோட்டுக்கு நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்கள். மூன்று வெள்ளைக் கோடு, நடுவில் பொட்டு. திருநீற்றுப் பட்டையோடு சாட்சாத் முனியப்பன் நிற்பதுபோல் ஆகிவிட்டது. மருதாயி விளக்குப் போட்டாள். அதற்குமேல் மஞ்சள், சந்தனம், எலுமிச்சம்பழ மாலை என்று கோடே தெரியாமல் போயிற்று. சையத் அண்ணன் கடையில் கற்பூரம் தீர்ந்துபோய், “சேலத்துல இருந்து இன்னொரு பெட்டி வருதுங்க அம்மணி, சாமி பேரு என்னன்னு சொன்னா போர்டுல எழுதிப்போடுவேன்” என்று கேட்டார். மூணுகோட்டு முனியப்பன் என்றேன். கோடு அளக்க வந்த லூர்துசெல்வியை மருதாயி, “செருப்பக் கழட்டு கண்ணு” என்று அதட்டிப் பொங்கல் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் நோட்டில் ‘கோடு தெரியவில்லை, பொங்கல் நன்று’ என்று எழுதியதை நானே பார்த்தேன். கல்லை உடைக்க ரைட்டர் அனுப்பிய எஸ்டேட் கூலியாள் சின்னன் கடப்பாரையைக் கீழே வைத்து, விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு போனான். படித்தவர் போட்ட கோட்டுக்கு இந்த ஊரில் இதுதான் மரியாதை.

மழைக்காலம் முடிகிறவரை உன் வீட்டுப் பின்னறையில் வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். தேவையில்லை சாமி. காலண்டரில் குறித்து வருகிறேன், இதுவரை பதினொரு நாள் மழை. கல் அப்படியே இருக்கிறது. முனியப்பன் பார்த்துக்கொள்வார். காவேரிக்குக் காப்பித்தூள் பிறகு அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா அம்மணி

பி.கு.: மறுநாள் காலை எழுதுகிறேன். முதலில் குங்குமம் வைத்தது நான்தான். பட்டை போட்ட நெற்றி பொட்டில்லாமல் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, புதுச் சந்தனம் பூசலாமென்று பழையதைக் கழுவினேன். மூன்று கோடும் ஒடிந்திருக்கின்றன. அளந்தேன், நாலு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. மருதாயியிடம் சொன்னதற்கு, “முனியப்பன் முன்னால வர்றாருடி!” என்று குலவை போட்டாள். உன் மச்சான் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். சையத் அண்ணன் கடைக்குப் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கல்லுக்குப் போக வேறு வீடில்லை. எங்களுக்கு உன் வீடு இருக்கிறது. ஆட்டையும் கூட்டி வரலாமா என்று உடனே பதில் போடு.