டாக்டர் பால்திவியேசோ போட்ட கொசுறு

கொடுத்து வள்ளலானவர்கள் உலகில் பலர் உண்டு. எடுத்தே வள்ளலானவர் புனாத்தா ஊர் மருத்துவமனையின் டாக்டர் பால்திவியேசோ ஒருவர்தான்.

புனாத்தா சந்தையில் கொசுறு இல்லாமல் வியாபாரம் கிடையாது. உருளைக்கிழங்கை நிறுத்துவிட்டு மேலே இரண்டு போடாதவளிடம் மறுவாரம் யாரும் வாங்க மாட்டார்கள். டாக்டர் சந்தைக்காரி மகன். படித்த பிறகும் அந்தப் பண்பாட்டை மறக்கவில்லை. கர்ப்பப்பையை எடுக்க வரும் பெண்களுக்கு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுவார். இலவசமாக. கேட்காமலேயே.

அவருடைய 'நீண்டகால ஆய்வு' அதைவிடப் புகழ்பெற்றது. வயிற்றைத் திறந்து எடுப்பது, கீழ்வழியாக எடுப்பது, சிறு துளைகள் போட்டு எடுப்பது ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்டு, எதில் தழும்பு அழகு என்று கண்டறிந்தார். 'நீண்டகாலம்' என்பது தையல் பிரிக்கும் வரை. அதற்குப் பிறகு, சினைப்பை போனதால் எலும்பு முறிந்தும் நெஞ்சு வலித்தும், பெண்கள் எலும்பு டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் போய்விட்டதால், இவர் கணக்கில் குறையே ஏறவில்லை. கொசுறு பெற்றவர்களில் ஒருத்தியான மொச்சை விற்ற கசில்தா நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவளும் புகார் செய்யவில்லை.

சந்தைக்காரி நெமேசியாவுக்கு முப்பத்தைந்து வயதில் அந்தக் கொசுறு கிடைத்தது. தையல் பிரிப்பதற்குள் உடம்புக்குள் அடுப்பு மூண்டது. மலைக்குளிரில் சந்தையே கம்பளிக்குள் சுருண்டிருக்க, அவள் மட்டும் சால்வையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள்.

"விறகுச் செலவு மிச்சம்னு நெனச்சுக்கோ" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

இப்போது மாவுக்கட்டு போட்ட கையோடு தங்கை பெனிதாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பெனிதாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மறுநாள் அறுவை சிகிச்சை. டாக்டர் நர்ஸோடு வந்தார்.

"கவலைப்படாதே பெனிதா. உனக்கும் கொசுறு உண்டு."

"வேண்டாம் டாக்டரய்யா. கட்டி இருக்கறத மட்டும் எடுங்க" என்றாள் நெமேசியா.

வார்டு திகைத்தது. புனாத்தாவில் கொசுறை மறுத்தவர் அதுவரை பிறக்கவில்லை.

"சும்மா கெடைக்கறதையா வேண்டாங்கறே?"

"இவ சினைப்பை ரெண்டும் நல்லாருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்லா இருக்கறப்பவே எடுத்துட்டா அப்புறம் கெட்டுப்போகாதில்ல!"

"அப்ப உங்க பல்லையும் இன்னிக்கே பிடுங்கிடலாமே டாக்டரய்யா" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. நர்ஸ் அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.

டாக்டர் நெமேசியாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன குறை? தழும்பு நல்லா இல்லையா?"

"தழும்பு நல்லாத்தான் இருக்கு. அதைச் சுமக்கற ஆளுதான் நல்லா இல்ல." கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். "இது முறியறது ரெண்டாவது தடவை. தூக்கினது மூட்டைகூட இல்ல, வெறும் கூடை."

"அது எலும்பு. என் துறை இல்ல."

"கசில்தா?"

"அது இதயம்."

"எங்க ஒடம்பு எத்தனை துறையில இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அது ஒண்ணுதான்."

டாக்டரின் முகம் சிவந்தது. "நான் சந்தைக்காரி மகன். கொசுறுன்னா என்னன்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"கொசுறுன்னா கடைக்காரி தன் மூட்டையிலிருந்து எடுத்து, வாங்கறவ கூடையில போடறது. நீங்க எங்க கூடையில கைவிட்டு எடுக்கறீங்க. சந்தையில அதுக்கு வேற பேரு. உங்கம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க."

பெனிதா எழுந்து ஒரு காலில் செருப்பை மாட்டினாள். "அக்கா சொன்னதுதான். அத மட்டும் எடுக்கறதுன்னா இருக்கேன். இல்லேன்னா வீட்டுக்குப் போறேன்."

மற்றக் கட்டில்களின் அடியிலும் செருப்பு தேடும் சத்தம் கேட்டது. டாக்டர் மனம் உடைந்து சம்மதித்தார். பெனிதாவின் கர்ப்பப்பை மட்டும் போனது. அதன் பிறகு வந்தவர்களிடம் அவர் கொசுறைப் பற்றி முன்கூட்டி வாய் திறக்கவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, பித்தளை வாத்தியங்கள் முழங்க, டாக்டருக்குப் பாராட்டு விழா நடந்தது. மேயர் மாலை போட்டார். டாக்டர் தழுதழுத்தார்: "என் கத்தி யாரையும் வஞ்சித்ததில்லை. ஒரே ஒருத்திக்கு மட்டும் கொசுறு போட முடியாமல் போனது. அவளை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்."

அந்த ஒருத்தி விழாவுக்கு வரவில்லை. சந்தையில் வேலை அதிகம். கொசுறு கிடைத்தவர்களின் மூட்டைகளையெல்லாம் அவள்தானே இறக்கி வைக்க வேண்டும்.