நியாயம் அண்ணை கட்டிய கரியர்

ஜெர்மனியில் எத்தனையோ கோபக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ரயில் பிந்தினால் நிலைய அதிகாரியைத் தேடிப் போகிறவர்கள், பக்கத்து வீட்டு மரத்தின் இலை தங்கள் முற்றத்தில் விழுந்தால் வக்கீலிடம் ஓடுகிறவர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த நாடு முழுவதிலும் நியாயம் அண்ணையைவிட அதிகம் கோபப்பட்ட மனிதர் இருந்ததில்லை. இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். என் ஞாயிற்றுக்கிழமைகளையும் என் பிக்கப்பையும் அவருக்குப் பறிகொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

நியாயம் என்பது அவருடைய பெயரல்ல. "உதென்ன நியாயம்?" என்று தொடங்காமல் அவருக்குப் பேச்சு வராது. அதனால் ஸ்டுட்கார்ட் தமிழர்கள் வைத்த பெயர் அது. எண்பதுகளில் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோதே, "இவ்வளவு குளிரை வைச்சுக்கொண்டு ஆக்களை இறக்கிறியள், உதென்ன நியாயம்?" என்று அதிகாரியிடம் கேட்டாராம். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாதது அண்ணையின் நல்ல காலம்.

ஒருமுறை பல்வலியால் கன்னம் வீங்கிப் போய் நின்றார். பல் வைத்தியர் மூன்று கிழமை கழித்துத்தான் டெர்மின், அதாவது வந்து பார்க்கும் நேரம், கொடுத்தார். அண்ணை வைத்தியரின் வரவேற்பு மேசையிலேயே சாய்ந்துகொண்டு, "பல்லு என்ன டெர்மின் பாத்தோ நோகுது?" என்று தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடித்தார். சாதாரண நேரத்தில் அவருக்கு ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும். கோபம் வந்தால் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவார். அன்றே பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள்.

என் தங்கச்சிக்கு ஆஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் நான்கு இடங்களில் திருப்பி அனுப்பியபோது, ஐந்தாவது இடத்துக்கு அவளோடு தானே போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தப் பிள்ளையின்ர கெட்டித்தனத்துக்கு நீங்கள் யோசிக்கிறதே பிழை" என்று அந்த முதலாளியிடம் அரை மணித்தியாலம் வாதாடினார். தங்கச்சி வெட்கத்தில் நிலத்துக்குள் புதைந்துவிடப் பார்த்தாள். இடம் கிடைத்துவிட்டது. அவருக்கென்று ஜெர்மனியில் மனைவியோ பிள்ளைகளோ இல்லை. அதனால் எங்கள் வீட்டுக் காரியங்களில் கோபப்படுவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஒரே கட்டடம். அவர் மூன்றாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி, நிலத்தோடு உள்ள வீட்டில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, துளை போடக்கூடாது, புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடவே கூடாது. அண்ணைக்கோ மற்ற ஆறு நாளும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஒரு ஞாயிறு காலை, இந்தியாவிலிருந்து வரவழைத்த கிரைண்டரில் அவர் உழுந்து அரைத்தார். கீழ்வீட்டு அம்மா முறையிட்டார். வீட்டு உரிமையாளர் நேரே வந்து, இனி ஒரு ஞாயிறு சத்தம் கேட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஆறு நாள் நான் இல்லாத வீட்டிலை சத்தம் போடலாமாம். நான் இருக்கிற அண்டைக்குப் போடேலாதாம். உதென்ன நியாயம் தம்பி?"

அன்றிலிருந்து அவர் சத்தமில்லாமல் வாழப் பழகினார். தெருமுனையில் பழைய கண்ணாடி சேர்க்கும் தொட்டியில் ஞாயிறன்று போத்தல் போடக்கூடாது என்று எழுதியிருக்கும், சிதறும் சத்தம் கேட்குமாம். அண்ணை ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் நூல் கட்டி, கிணற்றில் வாளி விடுவதுபோல் மெதுவாக உள்ளே இறக்கினார். நூலை உருவி எடுத்து அடுத்த போத்தலுக்குக் கட்டினார். நாய் கூட்டிப் போன ஒரு கிழவர் நின்று பார்த்தார், பிறகு நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பிக்கப் மாட்டியது.

மார்க் போய் யூரோ வந்த புதிதில், சனிக்கிழமைகளில் தமிழ் வீடுகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பதற்காக அந்தப் பழைய பிக்கப்பை வாங்கியிருந்தேன். அந்தக் கோடையில் தங்கச்சிக்குக் கலியாணம் முற்றாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கொலோன்காரர்கள், மண்டபமும் அங்கேதான். மணவறை பெண் வீட்டார் பொறுப்பு. கொலோனில் இருந்த மணவறைகள் எல்லாவற்றையும் அந்த முகூர்த்த நாளுக்கு யார் யாரோ முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் தன்னுடையதைத் தருவதாகச் சொன்னார். செதுக்கிய மரத் தூண்கள், துண்டாகக் கழற்ற முடியாத நீளம். முதல் நாள் சனிக்கிழமை அது இன்னொரு கலியாணத்தில் நிற்கும், ஞாயிறு விடியத்தான் ஏற்றலாம். மதியத்துக்குள் கொலோனில் நிறுத்தியாக வேண்டும். மணவறை போய்ச் சேராவிட்டால் தங்கச்சி வெறும் கதிரையில் இருந்துதான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும்.

வான் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுப்போம் என்று நான் சொன்னேன். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"வாசலிலை பிக்கப்பை வைச்சுக்கொண்டு வாடகை வானோ? உதென்ன நியாயம்? மேலை ஒரு கரியர் கட்டினாத் தூண் தன்ர பாட்டுக்குப் படுத்திருக்கும். நான் கட்டித் தாறன்."

"எப்ப அண்ணை கட்டுவியள்?"

"எனக்கு எப்ப லீவு? ஞாயிறிலைதான்."

இப்படித்தான் ஜெர்மனியிலேயே முதன்முறையாக, சத்தமில்லாமல் ஓர் இரும்புக் கரியர் கட்டும் வேலை எங்கள் பின் முற்றத்தில் ஆரம்பமாயிற்று. ஒரு கட்டட வேலைக்காரர் கழித்துவிட்ட சாரக் குழாய்களையும், அவற்றைப் பூட்டும் இரும்புக் கவ்விகளையும் எங்கிருந்தோ கொண்டுவந்து குவித்தார். சுத்தியல் தடை. நட்டு முறுக்கும் சாவிகளுக்கு என் காலுறைகளை மாட்டினார், அவையும் நல்ல காலுறைகள். நட்டுகள் என் மனைவி குளித்துத் துடைக்கும் துவாயின்மேல் உட்கார்ந்திருந்தன. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவியைக் கை காட்டி மறித்து, சில்வர் டம்ளர் மோதினால் சத்தம் வரும் என்று பிளாஸ்டிக்கில் மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். பேச்சும் சைகையில்தான். கோபம் மட்டும் குறையவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, காற்றுக் குரலில், "பிடியும்! நேராப் பிடியும்! உதென்ன பிடி?" என்று என்னைத் திட்டுவார். கிசுகிசுப்பாகத் திட்டு வாங்கிப் பாருங்கள், அதன் அவமானம் தெரியும்.

கீழ்வீட்டு அம்மா யன்னலில் வந்து குந்திவிட்டார். இரண்டு கறுத்த மனிதர்கள் இரும்புக் குழாய்களோடு மணித்தியாலக் கணக்கில் போராடுகிறார்கள், ஆனால் ஒரு சத்தமும் இல்லை. முறையிட எதுவும் கிடைக்காமல் அவர் பட்ட வேதனை முகத்தில் தெரிந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டார். அண்ணை உதட்டில் விரலை வைத்து, "ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

எல்லாம் சரி. குழாய்களை அளவுக்கு வெட்ட வேண்டாமா? வெட்டினால் ஊரே எழும்பும். நான் கிழமை நாளில் பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டி வருகிறேன் என்றேன்.

"உமக்கு என்ன தெரியும்? வெட்டின குழாயைத் திரும்ப ஒட்ட ஏலுமோ? இருக்கிற நீளத்திலை இருக்கட்டும். பலம்."

ஆகவே ஒரு குழாயும் வெட்டப்படவில்லை. பிக்கப்பின் முதுகில் ஒரு நல்ல சட்டகம் நின்றது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் இரு பக்கமும் குழாய்கள் நீண்டுகொண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி. நான் பயந்துபோய் வான் தேடி ஓடியபோது, நகரத்தில் ஒரு வானும் மிச்சமில்லை. அந்தக் கடைசிக் கிழமை முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஞாயிறு விடிய மணவறையை ஏற்றினோம். தூண்கள் தொட்டிலில் பிள்ளை கிடப்பதுபோல் கிடந்தன. அண்ணை பட்டு வேட்டி, சரிகைச் சால்வை, புதுச் சட்டையோடு முன்னிருக்கையில் ஏறினார். வழியெல்லாம், மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக் குறைவாக நடந்தால் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

கொலோனுக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம் இருக்கும்போது பொலிஸ் வண்டி முன்னால் வந்து, பின்னால் வரும்படி விளக்குப் போட்டது. ஆட்டோபான் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு தரிப்பிடம். கழிவறை ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ஞாயிறு லொறி ஓடக்கூடாது என்பதால் பெரிய லொறிகள் வரிசையாகப் படுத்திருந்தன. இறங்கிய இளம் பொலிஸ்காரி பிக்கப்பைச் சுற்றி வந்தாள். தூண்களைப் பற்றிக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நீட்டிய குழாய்களைக் காட்டி, "இவற்றோடு ஒரு மீட்டர்கூட நகரக்கூடாது. வெட்ட வேண்டும்" என்றாள்.

நான் முகூர்த்தத்துக்கு மிச்சமிருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். அண்ணையின் முகமோ மலர்ந்தது. பல வருடங்களாக அவர் காத்திருந்த தருணம் அது.

"இன்று என்ன கிழமை?" என்று செய்தி வாசிப்பவரின் ஜெர்மனில் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயிற்றுக்கிழமை இரும்பு வெட்டினால் வீட்டை விட்டுப் போ என்கிறீர்கள். வெட்டாவிட்டால் இந்த இடத்தை விட்டுப் போகாதே என்கிறீர்கள். நான் எந்த ஜெர்மனியில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள், அதன்படி நடக்கிறேன்!"

பொலிஸ்காரி மறுபடியும் பிக்கப்பைச் சுற்றி வந்தாள். படுத்திருந்த லொறிச் சாரதிகள் இரண்டு பேர் தலையை வெளியே நீட்டிக் கை தட்டினார்கள். எனக்கும் கை தட்ட ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் கவ்விகளை உற்றுப் பார்த்துவிட்டு, "கழற்றலாமே? கழற்றினால் சத்தம் வராது" என்றாள்.

நியாயம் கேட்காமல் அண்ணை வேலையில் இறங்கியதை நான் கண்டது அன்று ஒரு நாள்தான். காலுறை மாட்டிய சாவியை எடுத்தார். பக்கத்தில் வாகனங்கள் இரைந்துகொண்டு ஓட, அவர் பழக்கதோஷத்தில் நட்டுகளை ஓசைப்படாமல் துவாயில் வைத்தார். பக்கத்துக்கு நீண்ட குழாய்கள் எல்லாம் கீழே வந்தன, தூண்களைத் தாங்கிய சட்டகம் மட்டும் மிஞ்சியது. இப்போது அவற்றை எங்கே வைப்பது? தூணின்மேல் போட்டால் செதுக்கல் உடையும். பிக்கப்பின் தொட்டிக்குள் மணவறையின் மற்றச் சாமான்கள், இடமில்லை. குப்பைத் தொட்டியின் பக்கம் நான் பார்த்ததுமே, இங்கே விட்டுப் போவதும் குற்றம் என்றாள் பொலிஸ்காரி.

அண்ணை குழாய்க் குவியலைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நீர் போம் தம்பி. நான் இதோடை இருக்கிறன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. குழாய் போனாப் போகட்டும்."

"வண்டி உம்மட பேரிலை. கேஸ் வந்தா உமக்குத்தான் வரும். நல்ல காரியத்தண்டு அது வேண்டாம். நீர்தானே மாப்பிள்ளைத் தோழன்? கூட்டிக்கொண்டு வர ஆளில்லாமல் மாப்பிள்ளையை வாசலிலை நிக்க வைக்கிறதோ? வெளிக்கிடும்!"

"நீங்கள் கலியாணத்துக்கு..."

"எங்கட பிள்ளை மணவறையிலை இருக்கவேணும். போம் எண்டெல்லோ சொல்லுறன்!"

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழாய்களின்மேல் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

மணவறை நேரத்துக்கு நின்றது. ஒரு தூணிலும் கீறல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தூண்களைத் தட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். தங்கச்சி மணவறையில் குனிந்திருக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து சபையைத் துழாவினாள். நான் பக்கத்தில் போனபோது, "அண்ணா, நியாயம் அண்ணை எங்கை?" என்று கேட்டாள். "வாறார்" என்றேன். வேறென்ன சொல்வது? தாலி ஏறி, மேளம் கொட்டியபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அண்ணை வானுக்குச் சம்மதித்திருக்கலாம். குழாயை வெட்டியிருக்கலாம். வீட்டு உரிமையாளர் வந்து மிரட்டியபோது நாங்கள் நாலு பேர் அண்ணையின் பக்கத்தில் நின்றிருக்கலாம். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

பந்தி முடிந்ததும் சோறு, கறி, வடை, பலகாரம் எல்லாம் கட்டிக்கொண்டு திரும்பி ஓடினேன். அண்ணை அதே இடத்தில் இருந்தார், ஆனால் இப்போது ஒரு மடக்குக் கதிரையில். சுற்றிலும் நாலைந்து நாட்டு லொறிச் சாரதிகள். ஞாயிற்றுக்கிழமையால் பாதிக்கப்பட்டவர்களின் கூட்டம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது, தலைவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"தூண் ஆடினதோ?"

"இல்லை அண்ணை."

"பிள்ளை வடிவா இருந்தவளோ?"

"ஓம் அண்ணை. உங்களைத் தேடினவள்."

அண்ணை பார்சலை வாங்கினார். சால்வைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வடையை எண்ணாமல் கட்டியிருக்கிறேன், இத்தனை சாரதிகளுக்கு இது எப்படிக் காணும் என்று என்னைத் திட்டத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்னை வாய்விட்டு, முழுச் சத்தத்தில் திட்டியது அன்றுதான் முதல் தடவை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர்மேல் எனக்கு இருந்த கோபங்கள் பல. காலுறைகளுக்கான கோபம் ஆறிவிட்டது. பறிபோன ஞாயிறுகளுக்கான கோபமும், ஊர் சிரித்த என் பிக்கப்புக்கான கோபமும் ஆறிவிட்டன. ஒன்று மட்டும் இன்றுவரை ஆறவில்லை. என் தங்கச்சியின் கலியாணத்தில் நியாயம் அண்ணை இல்லை.