சீர்த்தட்டில் வந்த பிஸ்டல்

வளவனூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

திண்டிவனம், மதிப்பிற்குரிய மைத்துனர் நெடுஞ்செழியன் அவர்களுக்கு, அவருடைய அக்காள் புருஷன் கோதண்டபாணி எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா, மகள் கலைப்பிரியா, கறவை மாடு இரண்டு, எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கு நீயும் வெண்ணிலாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உன்னைப் பொறுத்தவரை மட்டும் அந்த ஆசை இந்த வாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எப்போதும் "டேய் மச்சான்" என்று கூப்பிடுகிறவன் "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்ததிலேயே என் மனநிலை உனக்குப் புரிந்திருக்கும்.

செல்போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ரெக்கார்டு செய்கிறாய். காகிதத்தை நீ ஜெராக்ஸ் எடுத்தாலும் அதில் என் குரல் வராது. உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

கலைப்பிரியா காலேஜ் விட்டதும் விழுப்புரத்தில் துப்பாக்கி சுடப் பழகுகிறாள். வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த பழைய மல்லாட்டை குடோனை வெள்ளையடித்து ரேஞ்ச் ஆக்கியிருக்கிறார்கள். நான் வெளியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்து அழைத்து வருவேன், உள்ளே போனதில்லை. அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பொது பிஸ்டல், அதற்கு நாலு பெண்கள். "பாப்பாவுக்குச் சொந்தமா ஒண்ணு இருந்தா கண்டிப்பா செலக்ட் ஆயிடும் சார்" என்று கோச் பூவரசன் சொன்னார். காற்றில் சுடுகிற பிஸ்டல், லைசென்ஸ் வேண்டாம், ஆதார் நகல் போதும் என்றும் சொன்னார். இதை நான் உன் அக்காவிடம் சொன்னேன். உன் அக்கா உன்னிடம் சொன்னாள். அங்கே பிடித்தது சனியன்.

நீ இன்னா சொன்னே? "மாமா, காத்துல சுடறதெல்லாம் திருவிழாவுல பலூன் சுடறவனுக்கு. நம்ம பொண்ணுக்கு செமி ஆட்டோமேட்டிக்கா வாங்கணும். வேட்டைக்கும் ஆச்சு, ரேஞ்சுக்கும் ஆச்சு." ஏண்டா, நீ என்.சி.சி.யில் கட்டையில் செதுக்கிய துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாதம் நடந்தவன். அதற்கே தோள் வலிக்கிறது என்று நின்றுவிட்டவன். நீ எனக்கு பிஸ்டல் தேர்வு செய்வது எப்படி என்று வாட்ஸப்பில் ஒரு கட்டுரையே அனுப்பினாய். குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாதாம். எடை அதிகமாக இருந்தால் கை உதறாதாம். அடிபட்ட கரடி திரும்பிப் பாய்ந்தால் அடுத்தடுத்துச் சுட வசதியாக இருக்குமாம். வளவனூரில் கரடி! நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவில் நான் என் வாழ்நாளில் பார்த்த கரடி, தீபாவளிக்கு வேஷம் கட்டி வந்து காசு கேட்டதுதான்.

இருந்தாலும் உன் பேச்சைக் கேட்டு, சட்டை எல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு, லைசென்ஸ் விசாரிக்கப் போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன், அங்கே சீட்டில் இருந்த அம்மா நல்லவர். "இன்னாத்துக்கு சார் பிஸ்டலு?" என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடி "வேட்டைக்கு" என்றேன். "எத்த வேட்டையாடப் போறீங்க?" என்றார். நான் அதுவரை யோசிக்கவில்லை. வாயில் கரடிதான் வந்தது. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், ஒரு முயலைச் சுட்டாலே கேஸு. மயிலைச் சுட்டீங்கன்னா பேப்பர்ல போட்டோவோட வருவீங்க. வேட்டைன்னு எழுதிக்கினு வந்தீங்கன்னா லைசென்ஸ் தரமாட்டாங்க, உங்களைத்தான் புடிச்சி வெப்பாங்க. போயி, வூட்ல பெரியவங்க யார்னா இருந்தா இட்டுக்கினு வாங்க." எனக்கு ஐம்பத்தாறு வயது ஆகிறது, மச்சான்.

எனக்குப் பின்னால் வேறு ஏதோ வேலையாக நின்றிருந்தவர் நம் ஊர் துரைக்கண்ணு. நான் பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் அவர் போனிலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கோதண்டபாணி துப்பாக்கி வாங்குகிறான், யாரைப் போடப்போகிறான் என்று தெரியவில்லை என்று. சாயங்காலம் கழனிக்குப் போய்ப் பார்க்கிறேன், பக்கத்துக் கழனி வேங்கடேசன் வரப்புக் கல்லைத் தானாகவே பிடுங்கித் தன் பக்கம் ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டிருக்கிறான். இத்தனை வருஷம் நான் கெஞ்சியும் நகராத கல். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கண்டால் மளிகைக் கடைக்காரர் எழுந்து நிற்கிறார், அது நன்றாகவா இருக்கிறது?

சரி, ஏர் பிஸ்டலே போதும், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். விட்டாயா? "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீங்க வாங்கிடுவீங்களா மாமா? இது என் சீரு" என்று கிளம்பிவிட்டாய். சென்னையில் கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாய். நான் மடை மாற்றிக்கொண்டிருந்தேன், முழங்கால் வரை சேறு. "எந்தக் கைக்கு மாமா? கேக்கறாங்கோ" என்றாய். இது ஒரு கேள்வியா? உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள் எதையும் இடது கையால்தான் எடுப்பாள். இட்லித் தட்டை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்தக் கைதான் முன்னால் நீளும். நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அதட்டி அதட்டி அவளை வலது கைக்குக் கொண்டுவந்தவன் நான். இன்றைக்கு வலது கையால் முத்து முத்தாக எழுதுகிறாள், வலது கையால் சாப்பிடுகிறாள். அதனால் நான் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன்.

அப்புறம் சீர் கொண்டுவந்தாய் பார், அதைச் சொல்ல வேண்டும். வேனில் தட்டு வரிசை, ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, பட்டுப்பாவாடைத் துணி விரித்து அதன் நடுவில் பிஸ்டல், அதற்கு மல்லிகைச் சரம். காதுகுத்தா இது? விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கிய இடத்தில், வண்டிகளைச் சோதிக்கிற போலீஸ்காரர் "தட்டுல இன்னா?" என்று சும்மா கேட்டிருக்கிறார். பழம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! "துப்பாக்கி சார், எங்க அக்கா பொண்ணுக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாய். வேனில் இருந்த அத்தனை பெண்களையும் இறக்கி நிறுத்தி, சாத்துக்குடியைக்கூட ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கடை ரசீதைப் பார்த்த பிறகுதான் விட்டார்களாம். இங்கே மேளக்காரர்கள் இரண்டு தரம் டிபன் சாப்பிட்டுவிட்டார்கள். நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்து, அதுவும் முடிந்த பிறகுதான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

வந்தீர்களே, நேராகப் பெண்ணின் கையில் கொடுத்தீர்களா? உன் அக்கா கற்பூரம் ஏற்றினாள். நீ சந்தனத்தைக் குழைத்து விசையில், பிடியில், குழல் வாயில் என்று ஓட்டை கண்ட இடமெல்லாம் அப்பினாய். அதற்கு மேல் குங்குமம். வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். பிஸ்டலுக்குச் சக்கரம் கிடையாது என்று யாரும் யோசிக்கவில்லை. பெட்டியின் அடியில் வைத்து நசுக்கினீர்கள், சாறு உள்ளே போயிற்று. கலைப்பிரியா வலது கையை நீட்டித்தான் வாங்கினாள். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் முதல் முறையாக நானும் ரேஞ்சுக்குள் போனேன். பூவரசன் பெட்டியைத் திறந்து, முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பூஜை சாமான் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு, "சார், இது ரைட் ஹேண்ட் பிடி. பாப்பா லெஃப்ட் ஆச்சே" என்றார். யார் லெஃப்ட் என்று சத்தம் போட்டேன். எங்கள் வீட்டில் லெஃப்ட் கிடையாது, வேறு யாருடைய பெண்ணையோ நினைத்துப் பேசுகிறீர்கள் என்றேன். அவர் இரண்டு கைக்கும் பொருந்துகிற அந்தப் பொது பிஸ்டலை எடுத்து அவளிடம் கொடுத்தார். என் மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். அந்தக் கை ஆடவில்லை, மச்சான். மாடு கட்டுகிற முளையாட்டம் அப்படியே நின்றது.

சுட்டாள். அட்டையில் கறுப்பு வட்டத்தின் நட்ட நடுவில் ஓட்டை. மறுபடி சுட்டாள். புது ஓட்டை எதுவும் விழவில்லை. "பாத்தீங்களா, தப்பிப்போச்சு! அதுக்குத்தான் சோத்தாங்கையில சுடணும்ன்றது" என்று நான் துள்ளினேன். "அதே ஓட்டையிலதான் சார் போயிருக்கு" என்றார் பூவரசன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கிப் புகை பட்டுவிட்டது என்று உன் அக்காவிடம் சொன்னேன். காற்றுத் துப்பாக்கியில் புகை ஏது என்று அவள் கேட்கிறாள். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதையும் சும்மா விடத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா சோத்தாங்கையில சுடச் சொல்லியிருப்பீங்கப்பா" என்றாள். அப்படிச் சொல்லுகிற ஆளா நான்? நீயே சொல்லு.

உடனே கடைக்குப் போன் செய்து, மாற்றித் தாருங்கள் என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, "உள்ள சந்தனம் பூந்திருக்கு சார், இதை எப்படிப் புதுசுன்னு இன்னொருத்தருக்கு விக்கறது?" என்கிறார்கள். அவர்கள் பேரில் தப்பே இல்லை. தப்பெல்லாம் உன் பேரில். அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ பதில் பேசினாயா? முன்னே நான் சேற்றில் நின்று பேசியதை ரெக்கார்டு செய்து வைத்திருந்து, குடும்ப குரூப்பில் போட்டாய். "நம்ம வூட்டுப் பொண்ணு எந்தக் கையில சோறு துன்னுது? சோத்தாங்கை! சோத்தாங்கை! சோத்தாங்கை! மூணு தபா சொல்லிட்டேன், மறுபடி கேட்டு பேஜாரு பண்ணாத." பொம்மையார்பாளையத்துச் சித்தப்பா அதை ரிங்டோனாக வைத்திருக்கிறாராம். கோபத்தில் ஒரு மனுஷன் பேசுவதை ரெக்கார்டு செய்கிறவன் ஒரு மைத்துனனா? நான் சோத்தாங்கை என்று சொன்னால், தாய்மாமன் என்கிறவன் "பொண்ணைக் கேட்டீங்களா மாமா" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா?

ஆகையால் இதனால் தெரிவிப்பது என்னவென்றால், அந்த பிஸ்டல் பீரோ மேல் துண்டில் சுற்றிக் கிடக்கிறது. நான் அதைக் கையால் தொடமாட்டேன். நீ வந்து எடுத்துப் போ. கரடி சுடுவாயோ கொசு சுடுவாயோ, எனக்குத் தெரியாது. பெண்ணுக்கு ஆள் எடுக்கிற நாள் நெருங்குகிறது, அவள் சோறு இறங்காமல் இருக்கிறாள். அதற்கு வழி சொல்லாமல் என் வாசப்படி மிதிக்காதே. இனி உன் சீரும் வேண்டாம், உன் வாட்ஸப்பும் வேண்டாம், பொங்கலுக்கு உன் வீட்டுக் கரும்பும் வேண்டாம். எனக்கே இரண்டு ஏக்கர் கரும்பு இருக்கிறது.

வெண்ணிலாவுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மாமியாருக்கு முட்டி வலி குறைய நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவும். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மிகுந்த மனத்தாங்கலுடன்,
கோதண்டபாணி.

பின்குறிப்பு: மேலே உள்ளது காலையில் எழுதியது, இது சாயங்காலம். விழுப்புரம் தபால் பெட்டியில் போடப் போகும் வழியில், பிஸ்டலை ஒழுங்காகப் பெட்டி கட்டித் தரச்சொல்லி பூவரசனிடம் எடுத்துப் போனேன். அவர் சந்தனத்தையெல்லாம் சுரண்டித் துடைத்துவிட்டு, "சும்மா ஒரு தபா புடிச்சிப் பாருங்க சார்" என்றார். பிடித்தேன். மச்சான், அந்தப் பிடி என் கைக்கு அளவெடுத்துச் செய்தாற்போல இருக்கிறது. முதல் குண்டு சுவரில் பட்டது. அடுத்தது அட்டையிலேயே பட்டது. மூத்தோர் பிரிவில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். பிடியை மட்டும் கழற்றி இடது கைப் பிடி மாட்டினால் போதும், பெண்ணுக்கு இதே பிஸ்டல் சரியாகிவிடும் என்று பூவரசன் இப்போது சொல்கிறார். அதை யார் கேட்டது? கழற்றக்கூடாது. இது என்னிடமே இருக்கட்டும். நீ உடனே சென்னைக்குப் போய்ப் பெண்ணுக்குப் புதிதாக ஒன்று எடுத்து வா. பணம் நான் தருகிறேன், சீர் என்று தட்டில் நீயே வைத்துக்கொள், சந்தனம் மட்டும் வேண்டாம். கடையில் எந்தக் கைக்கு என்று கேட்டால் தயங்காமல் எனக்குப் போன் போடு. நான் கழனியில் நின்றாலும் எடுப்பேன். பீச்சாங்கை, பீச்சாங்கை, பீச்சாங்கை என்று மூணு தபா சொல்கிறேன். ரெக்கார்டு பண்ணிக்கோ. குரூப்பிலும் போடு.