நிழலம்மன் ஆலயமும் எரிசக்திச் சிக்கனமும்

கிள்ளானுக்கு வடக்கே, மேரு செல்லும் வழியிலுள்ள தாமான் குடியிருப்பு ஒன்றில் வெயில் அடிக்கிறது என்பதை நகராண்மைக் கழகம் உரிய ஆய்வுக்குப்பின் கண்டறிந்தது. மேற்குப் பார்த்த வீடுகள் பிற்பகலில் சூடேறுகின்றன. சூடேறிய வீடுகளில் ஏர்கோன் ஓடுகிறது. ஏர்கோன் ஓடினால் மின்சாரம் செலவாகிறது. ஆகவே வாசலில் மரம் நட்டு மின்சாரத்தைச் சேமிப்பது என்று முடிவாகி, அம்முடிவுக்கு ‘எரிசக்திச் சிக்கன இல்லத் தோட்டப் பெருந்திட்டம்’ என்று பெயரும் சூட்டப்பட்டது. இதுவரை எவரும் குறைசொல்ல இடமில்லை.

அமுதவள்ளியின் வாசலில் ஏற்கெனவே ஒரு வேப்பமரம் நின்றதுதான் குறையாகப் போயிற்று.

அவள் கணவர் வாசு, போர்ட் கிள்ளானில் இரவெல்லாம் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், பகலில்தான் தூங்குவார். அந்தத் தூக்கம் கெட்டால், இரவில் லோரி எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல இயலாது. முன்னறையில் அவர் நிம்மதியாகக் குறட்டை விடுவது அந்த வேம்பின் தயவால். அவ்வீட்டில் ஏர்கோன் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை.

திட்ட அதிகாரி விமலன் வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, உங்க வீடு ஏற்கெனவே குளிர்ச்சியா இருக்கு. அதான் பிராப்ளம்.”

“குளிர்ச்சி வேணும்னுதானே தம்பி இந்தத் திட்டம்?”

“சேமிப்பு வேணும்னுக்கா. சேமிக்கணும்னா முதல்ல செலவு இருக்கணும்லா. நீங்க ஒண்ணும் செலவு பண்ணாம உட்கார்ந்திருந்தா, நான் எதைக் குறைச்சுக் காட்டுறது?”

“அப்போ நான் என்ன செய்யணும்?”

“இதை வெட்டிடுவோம். வீடு நல்லாச் சூடாகட்டும். அப்புறம் ஒரு அலங்காரப் பனை நடுவோம். அதுக்கப்புறம் குறையுறதெல்லாம் சேமிப்பு.”

“பனை நிழல் தருமா?”

“தராது. ஆனா அனுமதி வாங்கின மரம்.”

பக்கத்து வீட்டு ரெங்கசாமி, தாமான் சங்கத் தலைவர் என்ற முறையில், முன்னரே கீழ்ப்படிந்து வழிகாட்டியிருந்தார். மாமரத்தை வெட்டி, பிளாஸ்டிக் புல் விரித்து, வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, பாலித்தீவு பாணிக் கல்விளக்கு ஒன்றையும் நிறுத்தியிருந்தார். மதியத்தில் அப்புல்லின்மேல் அவர் வீட்டு நாயும் கால் வைப்பதில்லை. “வெட்டிடு தங்கச்சி. தெரு ஒரே மாதிரி இருந்தாத்தான் அழகு,” என்றார்.

வெள்ளிக்கிழமை வெட்டுவதாக முடிவாயிற்று. வியாழன் மாலை அமுதவள்ளி மரத்தில் மஞ்சள்துணி கட்டி, குங்குமம் அப்பி, எலுமிச்சை மாலை போட்டு, அடியில் ஓர் அகல்விளக்கும் ஏற்றினாள். வேலைக்குப் புறப்பட்ட வாசு படியில் நின்றுவிட்டார்.

“என்ன வள்ளி இது?”

“உங்க தூக்கம்.”

மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்கள் ரம்பத்தை லோரிக்குள் ஒளித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விமலன் சப்பாத்தைக் கழற்றினார். “கோயில்னு முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா?” என்று கடிந்துகொண்டார். மேற்படி மரம் இனி மரமன்று, வழிபாட்டிடம். அதன்மீது தோட்டப் பிரிவுக்கு யாதோர் அதிகாரமும் இல்லை என்பது அவரால் அங்கேயே அறிவிக்கப்பட்டது. ஒரு முழத் துணியால் ஓர் இலாகாவை வென்ற அமுதவள்ளி, உள்ளே போய்க் காப்பி கலந்து குடித்தாள்.

ஆனால், இலாகா போன வழியாகவே ஊர் வந்தது. முதற்கற்பூரம் ரெங்கசாமியுடையது. மரத்தைச் சுற்றிய யாருக்கோ வேலை கிடைத்தது; வேறு யாருக்கோ வாயுத்தொல்லை நீங்கியது. அம்மனுக்கு ‘நிழலம்மன்’ என்று பெயர் வந்தது. பெயர் வந்ததும் கமிட்டி வந்தது. கமிட்டி வந்ததும் ஒலிபெருக்கியும் உறுமி மேளமும் பிற்பகல்தோறும் வந்தன. வாசு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார்.

பிறகு ரெங்கசாமி வந்தார்.

“தங்கச்சி, அம்மா மேல காக்கா எச்சம் போடுது, இலை கொட்டுது. பார்க்க நல்லாவா இருக்கு? கிளையெல்லாம் கழிச்சிட்டுத் தகரக் கூரை போட்டுடலாம்.”

“அண்ணே, அந்தக் கிளைதான் அம்மா.”

“அம்மா அடிமரத்துல இருக்காங்க. கிளையில இருக்கிறது காக்கா.”

அமுதவள்ளி விமலனின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

“தம்பி, உண்மையைச் சொல்லிடறேன். அது வெறும் மரம். துணி கட்டினது நான்தான்.”

விமலனின் முகம் மலர்ந்தது. “வெறும் மரமா? அப்போ எங்க அதிகாரத்துக்குள்ள வந்துடுச்சுக்கா. நாளைக்கே ஆள் அனுப்பி வெட்டிடறேன்.”

“ஐயோ, வேணாம். சாமிதான் அது.”

“சாமின்னா கமிட்டிகிட்டப் பேசுங்க.”

சாமியானால் கமிட்டி வெட்டும். மரமானால் கழகம் வெட்டும். இரண்டுமல்லாத ஒன்றாக வேம்பை அறிவிக்க வழியுண்டா என்று பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தாள். வழி தென்படவில்லை.

கிளைகள் விழுந்தன. பளிங்குத் தரைக்கும் தகரக் கூரைக்கும் இடையே மொட்டை அடிமரம் பட்டுப்புடவையில் நின்றது. வெயில் முன்னறைக்குள் புகுந்து வாசுவின் நெற்றியில் இறங்கியது. ஓர் இரவு அவர் லோரி துறைமுக வேலியை உரசி நின்றது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்றார்கள்.

இந்நிலையில்தான் விமலன் மகிழ்ச்சியோடு திரும்பி வந்தார். இப்போது தெருவில் நிழல் அறவே இல்லை. சூடு போதிய அளவு இருக்கிறது. திட்டத்தை இங்கேயே தொடங்கிவைக்கத் தடையேதும் இல்லை.

தொடக்கவிழா ஒரு பிற்பகலில் ஆலயத்தின் முன் நடந்தது. வீட்டு உயரத்துக்கு மூங்கில் நட்டு, பெருந்திட்டத்தின் பெயர் தாங்கிய பதாகையைக் கட்டியிருந்தார்கள். முழங்கால் உயரப் பனங்கன்று ஒன்று நடப்பட்டது. உரை தொடங்கியபோது, பதாகையின் நிழலுக்குள் முதலில் ரெங்கசாமி ஒதுங்கினார். பின்னர் உறுமிக்காரர்கள், பக்தர்கள், அமுதவள்ளி, இறுதியில் ஒலிவாங்கியோடு விமலனும் ஒதுங்கினார்கள். கைலியோடு வெளியே வந்த வாசு, பாயை நடுவில் விரித்துப் படுத்துக் குறட்டை விடலானார். நிழல் நகர நகர, ஊரே நகர்ந்தது. நால்வர் பாயின் முனைகளைப் பிடித்து அவரையும் இழுத்துக்கொண்டார்கள்.

விமலன் வெப்பமானியை வெயிலில் ஒருமுறையும் பதாகைக்கு அடியில் ஒருமுறையும் பிடித்துப் பார்த்தார்.

“பெருந்திட்டத்தின் விளைவாக இத்தெருவில் வெப்பம் கணிசமாகக் குறைந்துள்ளது என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். அமுதவள்ளியும் தட்டினாள், வாசு விழித்துவிடாதபடி, மெதுவாக.